முப்பது நொடிப் படம்

1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரைச் சேர்ந்த லூயி டகேர் என்பவர், உயரமான சன்னல் ஒன்றிலிருந்து கீழே தெரிந்த தெருவைப் படம் பிடித்தார். அது பகல் நேரம். குதிரை வண்டிகளும் மனிதர்களும் ஓயாமல் போய்வரும் தெரு அது. ஆனால், படத்தில் ஒரு வண்டிகூட இல்லை. மரங்கள் வரிசையாக நிற்கின்றன, கட்டடங்கள் இருக்கின்றன, சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரமாக ஒருவர் மட்டும் ஒரு காலைச் சற்றே தூக்கி வைத்தபடி நிற்கிறார். அவருடைய காலணிக்கு மெருகு போடுபவரின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படங்களுள் ஒன்றாக இப்படம் கருதப்படுகிறது.

மறு ஆண்டு இப்படத்தை நேரில் கண்டவர்களுள் தந்தித் துறையில் புகழ்பெற்ற அமெரிக்கரான சாமுவேல் மோர்சும் ஒருவர். எப்போதும் கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கும் தெரு ஆளரவமின்றிக் காட்சியளிப்பதையும், காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டவர் மட்டும் பதிந்திருப்பதையும் அவர் ஒரு கடிதத்தில் வியந்து எழுதினார்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? டகேரின் தகட்டில் படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. அந்த நேரம் முழுவதும் மரமும் கட்டடமும் அசையவில்லை. அதனால், அவற்றிலிருந்து வந்த ஒளி தகட்டில் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து சேர்ந்தது. நடந்து சென்றவர்களின் உருவம் தகட்டில் எந்த இடத்திலும் ஓரிரு நொடிக்குமேல் தங்கவில்லை. பதியும் அளவுக்கு அவர்களிடமிருந்து ஒளி சேரவில்லை. காலணிக்காக நின்றவர், நின்ற காரணத்தால் படத்தில் இடம் பிடித்தார்.

நெடுநேரம் காத்திருப்பதைத் தவிர டகேருக்கு வேறு வழி இல்லை. நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இன்றைய இலக்கவியல் படக்கருவி, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரத்திலேயே படம் எடுத்துவிடும். இருந்தும், வேண்டுமென்றே அரை நொடி, 30 நொடி, சில நிமிடங்கள் என்று படக்கருவியைத் திறந்து வைத்துப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை ‘லாங் எக்ஸ்போஷர்’ என்பர். நாம் இதை நெடுநேரப் படம் என்று அழைப்போம்.

ஒளி சேரும் விதம்

படக்கருவியின் வில்லைக்குப் பின்னால் ஒளி உணரி என்னும் சிறு தகடு உள்ளது. அதில் பல இலட்சம், கருவியைப் பொறுத்துச் சில கோடி, நுண்குழிகள் இருக்கின்றன. மழை நாளில் முற்றத்தில் வரிசையாக வைத்த குடங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குடத்தில் மழைநீர் சேர்வதைப்போல ஒவ்வொரு குழியிலும் ஒளி விழ விழ மின்னூட்டம் சேர்கிறது. உணரியை மறைத்திருக்கும் மூடுதிரை திறந்ததும் சேரத் தொடங்கும், மூடியதும் நின்றுவிடும். பிறகு, எந்தக் குழியில் எவ்வளவு சேர்ந்தது என்று கருவி அளக்கிறது. குறைவாகச் சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாகும். நிறையச் சேர்ந்த இடம் வெளிச்சமாகும். குடம் நிரம்பினால் நீர் வழிந்து வீணாவது போலக் குழி நிரம்பிய பின் விழும் ஒளி கணக்கில் வராது. அந்த இடம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அங்கிருந்த விவரம் திரும்பக் கிடைக்காது.

நம் கண் இப்படிச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு நட்சத்திரத்தை 30 நொடி உற்றுப் பார்த்தாலும் அது முப்பது மடங்கு பிரகாசமாகிவிடாது. உணரியில் அந்த 30 நொடி ஒளியும் சேர்ந்துகொண்டே போகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் நெடுநேரப் படத்தில் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1970களில் இதை ஒரு வேடிக்கையான முறையில் சோதித்துப் பார்த்தார். திரையரங்கு ஒன்றில் படக்கருவியை நிறுத்தி, ஒரு முழுத் திரைப்படம் ஓடி முடியும்வரை திறந்தே வைத்தார். கிடைத்த படத்தில் திரை முழுவதும் தூய வெள்ளை! காதல், சண்டை, கண்ணீர் என அதில் ஓடிய அத்தனை காட்சிகளும் ஒன்றாகக் கூடி வெள்ளை ஒளியாகிவிட்டன. அசையாமல் இருந்த இருக்கைகளும் சுவர் வேலைப்பாடுகளும் மட்டும் அந்த ஒளியில் துல்லியமாகப் பதிந்தன. அவர் பயன்படுத்தியது ஃபிலிம் கருவி. ஆயினும், ஒளி சேரும் கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கை நாம் மூன்று வழிகளில் மாற்றலாம். முதலாவது, மூடுதிரை திறந்திருக்கும் நேரம். நேரத்தை இரட்டித்தால் ஒளியும் இரட்டிக்கும். இரண்டாவது, வில்லையின் ஒளித்துளை. இதை எஃப் 4, எஃப் 8, எஃப் 11 என்னும் எண்களால் குறிப்பர். எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகும் என்பதைத் தொடக்கத்தில் பலர் மாற்றிப் புரிந்துகொள்வர். மூன்றாவது ஐஎஸ்ஓ. உணரி அளந்த அளவை எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டுவது என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும். கூடவே மணல் தூவியதுபோன்ற புள்ளிகளும் பெருகும். நெடுநேரப் படத்திற்குப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 100 போதும். அவசரம் இல்லாதபோது பெருக்கிக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை அல்லவா?

கருவியும் கையும்

முதல் தேவை முக்காலி. மனிதக் கையால் படக்கருவியை ஒரு நொடிகூட அசையாமல் பிடித்திருப்பது மிகக் கடினம். முக்காலி இல்லாதவர்கள் கருவியை ஒரு திண்டின்மீது வைத்து, அடியில் ஒரு சிறு அரிசிப் பையை அண்டக் கொடுக்கலாம். விலை உயர்ந்த ஆனால் ஆடும் முக்காலியைவிட அரிசிப் பை எவ்வளவோ மேல். பொத்தானை அழுத்தும் விரலே கருவியை அசைத்துவிடும் என்பதால் 2 நொடித் தாமத வசதியைப் பயன்படுத்த வேண்டும். கருவி முக்காலியின்மீது இருக்கும்போது, வில்லையில் உள்ள அதிர்வு தணிக்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது.

இருட்டில் தானியங்கிக் குவியம் தடுமாறும். தொலைவில் உள்ள விளக்கு ஒன்றைக் குறிவைத்துக் குவியத்தைச் சரிசெய்து, பின்னர் அதைக் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு வில்லை வளையத்தைத் தொடக் கூடாது.

பெரும்பாலான கருவிகள் தாமாக 30 நொடி வரை திறந்திருக்கும். அதற்குமேல் தேவைப்பட்டால் ‘பி’ என்னும் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பி’ என்பது பல்ப். இது மின்விளக்கைக் குறிக்கும் பல்ப் அன்று. அந்தக் காலத்தில் மூடுதிரையைத் திறந்து வைக்க, குழாயுடன் கூடிய ஓர் இரப்பர்க் குமிழை அழுத்திப் பிடித்திருப்பார்கள். அந்தக் குமிழின் பெயர்தான் இன்றும் கருவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை நிமிடம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் காத்திருந்து, படம் கறுத்துப்போனதைப் பார்த்து வருந்த வேண்டியதில்லை. ஐஎஸ்ஓவை 6400க்கு உயர்த்தி முதலில் ஒரு சோதனைப் படம் எடுங்கள். 2 நொடியில் படம் சரியாக வந்தால், ஐஎஸ்ஓ 100இல் அதற்கு 64 மடங்கு நேரம் தேவை. அதாவது 128 நொடி; இரண்டு நிமிடத்திற்கு மேல் 8 நொடி. இது எளிய பெருக்கல் கணக்கு.

நம் நாட்டுத் தட்பவெப்பம் இரண்டு தொல்லைகளைத் தரும். குளிரூட்டப்பட்ட காரிலிருந்து கருவியை வெளியே எடுத்தவுடன் வில்லையில் நீராவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். கருவியைப் பைக்குள்ளேயே வைத்து, வெளி வெப்பத்திற்குப் பழகவிட்டு எடுப்பதே வழி. மற்றொன்று, நெடுநேரம் இயங்கும் உணரி சூடாவதால் படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள் தோன்றுவது. இதைப் போக்க, கருவி மூடுதிரையைத் திறக்காமலேயே அதே அளவு நேரத்திற்கு ஓர் இருட்டுப் படத்தை எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடும். 30 நொடிப் படத்திற்கு ஒரு நிமிடம் ஆவது இதனால்தான். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதை அணைத்துவிட வேண்டாம்.

சாலை, அருவி, வானம்

தொடங்குவதற்கு ஏற்ற இடம் நெடுஞ்சாலையின்மேல் உள்ள நடைப்பாலம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 30 நொடியில் 500 மீட்டரைக் கடந்துவிடும். படத்தில் காரின் உடல் பதியாது; விளக்குகள் மட்டும் கோடாக நீளும். மலேசியாவில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், சாலையை நேராகப் பார்த்து நிற்கும் உங்களுக்கு இடப்புறம் சிவப்புக் கோடுகளும் வலப்புறம் வெள்ளைக் கோடுகளும் கிடைக்கும். வலப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாட்டில் எடுத்த படத்தில் இது தலைகீழாக இருக்கும். சில கார்களின் பின்விளக்குக் கோடு விட்டுவிட்டு வரக் காண்பீர்கள். அவ்வகை எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கண் தவறவிட்டதைக் கருவி காட்டிக்கொடுக்கிறது. கனரக வாகனம் ஒன்று கடந்து போனால் பாலமே அதிரும். அது போகும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்துங்கள்.

வானம் முற்றிலும் இருண்ட பின் எடுப்பதைவிட, சூரியன் மறைந்த பின் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும்போது எடுத்தால் கட்டடங்களின் வடிவமும் தெரியும். ஆனால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்தி மிகக் குறுகியது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் நீலம் கரைந்துவிடும். முக்காலியை அதற்கு முன்பே விரித்து வைத்திருக்க வேண்டும்.

அருவிக்கு அரை நொடி முதல் 2 நொடி வரை போதும். நீர் வெண்பட்டாக மாறும். அதைவிட நீட்டித்தால் நீரின் இழைகள் அழிந்து வெறும் புகைபோல ஆகிவிடுகிறது. எனக்கு அது அழகாகத் தோன்றுவதில்லை. பகலில் அரை நொடிகூட அதிக ஒளியாகலாம். அப்போது வில்லையின் முன்னால் கருங்கண்ணாடி வடிகட்டியைப் பொருத்துவர். மிக அடர்த்தியான வகை, ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் எடுக்க வேண்டிய படம், அதைப் பொருத்தினால் 30 நொடிக்கு மேல் கேட்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரவாங் அருகிலுள்ள கஞ்சிங் போன்ற மலையருவிகளில், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்த மழையால் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரக்கூடும். மலாய்மொழியில் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை இதன் அறிகுறிகள். நெடுநேரப் படம் எடுப்பவரின் கண் நீரைப் பார்ப்பதைவிடக் கருவியின் திரையையே அதிகம் பார்க்கும். ஆகவே, தனியாகச் செல்லக் கூடாது. உடன் வந்த ஒருவர் நீரோட்டத்தின் மேற்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் முக்காலியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

அடுத்தது வானம். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் 4 நிமிடத்திற்கு ஒரு பாகை நகர்வதாகத் தோன்றும். 30 நொடியில் அது நிலவின் அகலத்தில் கால் பங்கு. சிறிய நகர்வுதான்; நிமிடக்கணக்கில் போனால் புள்ளி கோடாகும். ஐரோப்பியர் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் வானில் உயரமான ஓரிடத்தைச் சுற்றி முழு வட்டங்கள் வரைவதைப் பார்த்திருப்பீர்கள். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் உள்ளது. அதனால், வடதுருவ நட்சத்திரம் நமக்குத் தொடுவானத்தை ஒட்டியே இருக்கும்; மூடுபனியில் பெரும்பாலும் மறைந்துவிடும். இங்கு வடக்கு நோக்கி எடுத்தால் அரைவட்டங்கள் வரும். தெற்கு நோக்கி எடுத்தாலும் அரைவட்டங்களே வரும். கிழக்கு நோக்கி எடுத்தாலோ கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக எழும். நம் வானத்தின் படம் ஐரோப்பாவின் படத்தைப்போல இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கக் கூடாது.

நகருக்கு அருகில் இதை எடுத்தால் நட்சத்திரங்களோடு நகரத்தின் விளக்கொளியும் சேரும். இரண்டு நிமிடத்தில் வானம் செம்மஞ்சளாகிவிடும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த வானம் உண்மையில் எவ்வளவு ஒளி மாசு நிறைந்தது என்பதைக் கருவி கூட்டிக் காட்டிவிடுகிறது.

மின்மினி மரம்

கோலசிலாங்கூருக்கு அருகில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ளது கம்போங் குவாந்தான். அங்குள்ள பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிப் பூச்சிகள் கூடுகின்றன. அரிசி மணி அளவே உள்ள இப்பூச்சிகளின் ஆண்கள், இணையை ஈர்ப்பதற்காக மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. ஒளியே அவற்றின் பேச்சு. வெளி விளக்குகள் அதிகமானால் அந்தப் பேச்சு எடுபடாமல் போகும். அவற்றின் இளம்புழுக்கள் கரையோர ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே, கரையோரச் செடிகளை அழித்தாலும் மின்மினிகள் குறையும்.

இங்கே படம் எடுக்க வருபவர்களில் சிலர் ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒளி சில மீட்டர் தொலைவுக்கே போகும். அக்கரை மரத்தை எட்டாது. எட்டினாலும், மின்மினியின் மெல்லிய ஒளியை அது விழுங்கிவிடும். பூச்சிகளுக்குத் தொல்லை தந்ததைத் தவிரப் பயன் ஏதும் இல்லை. நெடுநேரப் படத்திற்கு நாம் எந்த ஒளியையும் வீச வேண்டியதில்லை. பூச்சி தரும் ஒளியை வாங்கிக்கொண்டு காத்திருந்தால் போதும். படகு அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் முக்காலியைப் படித்துறையில் நிறுத்த வேண்டும். ஒளித்துளையை நன்றாகத் திறந்து, ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600க்கு உயர்த்தி, 15 முதல் 30 நொடி வரை எடுத்துப் பார்க்கலாம். நிலவில்லாத இரவாக இருந்தால் நல்லது. கருவியின் திரை வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள்; சிவப்புச் சிறுவிளக்கு எரிந்தால் அதன்மீது கறுப்பு நாடாவை ஒட்டிவிடுங்கள். திறன்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

இப்போது படம் கிடைத்துவிட்டது. மரம் முழுக்க ஒளிப்புள்ளிகள்! நேரில் பார்த்ததைவிடப் பன்மடங்கு அடர்த்தியாக இருக்கின்றன. காரணம் நமக்குத் தெரியும். ஓர் இலையில் அசையாமல் இருந்து மின்னிய பூச்சி ஒரே புள்ளியாகப் பதிந்திருக்கும். கிளைவிட்டுக் கிளை பறந்த பூச்சியோ, மின்னிய இடங்களில் எல்லாம் ஒரு புள்ளி வைத்திருக்கும். ஒரு பூச்சி இருபது புள்ளிகளாகத் தெரியலாம். இப்படிப்பட்ட 20 படங்களைக் கணினியில் ஒன்றன்மீது ஒன்றாகச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் மின்னிய மின்னல்கள் எல்லாம் ஒரே படத்தில் குவிந்துவிடும். அப்படத்தை வெறுமனே “இன்று மாலை கம்போங் குவாந்தானில்” என்று எழுதிப் பகிர்ந்தால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? மின்மினிகளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைப்பார். கரையில் புதிய விளக்குக் கம்பம் வேண்டுமா வேண்டாமா என்று ஊரில் பேச்சு எழும்போது, அந்தப் படத்தையே ஒருவர் சான்றாகக் காட்டவும் கூடும்.

டகேரின் தெருவில் இருந்தவர்கள் படத்தில் இல்லாமல் போனார்கள். மின்மினி மரத்தில் இருப்பவை பலவாகப் பெருகித் தெரிகின்றன. இரண்டு படங்களிலும் கருவி எதையும் சேர்க்கவில்லை, அழிக்கவும் இல்லை. ஆனால், எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இரண்டையுமே தவறாகப் படித்துவிடுவோம். எனவே, பத்து நிமிடப் படத்தின் கீழே “பத்து நிமிடம், 20 படங்களின் தொகுப்பு” என்று எழுதுவது அலங்காரக் குறிப்பு அன்று, அது படத்தின் ஒரு பகுதி.

மின்மினிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று அறிய விரும்பினால், அழகிய தொகுப்பைவிட ஒரே ஒரு 15 நொடிப் படம் பயன்தரும். படித்துறையில் முக்காலியின் கால்களை எந்தப் பலகைகளில் வைத்தீர்கள், எந்த மரத்தை நோக்கினீர்கள், நேரம், ஒளித்துளை, ஐஎஸ்ஓ, நிலவு இருந்ததா, மழை பெய்ததா, அக்கரையில் ஏதேனும் விளக்கு எரிந்ததா ஆகியவற்றை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே இடத்தில் வேறு மாணவர்கள் வந்து நின்றாலும், அவர்கள் எடுக்கும் படத்தை உங்கள் படத்தின் அருகில் வைத்து ஒப்பிட அந்தக் குறிப்பு உதவும்.